அம்மாவை ஆடிட் செய்த கதை

1

போன ஞாயிற்றுக்கிழமையோடு நாங்கள் இங்கிலாந்துக்கு வந்து ஐந்து வருடம் முடிந்தது. என் வீட்டுக்காரர் மோகன் கேக் வாங்கி வந்தார். ஏழு வயது மகள் பிரீத்தி அதன் மேல் ஐந்து மெழுகுவர்த்தி குத்தி, என்னை ஊதச் சொன்னாள். குனிந்த நான் ஊதாமல் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்தவே முடியவில்லை. மோகன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். மெழுகு உருகிக் கேக்கின் மேலெல்லாம் வழிந்தது.

சிரிப்புக்குக் காரணம் என் அம்மா. திருப்பூரில் இருக்கும் அவள் போன மாதம் ஒரு பாலிசி எடுத்தாள். முட்டி ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த பணம் மொத்தத்தையும் அதில் போட்டுவிட்டாள். பதினைந்து நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், விட்டால் மூன்று வருடம் தொட முடியாது. இங்கிருந்தபடி அந்தப் பதினைந்து நாளில் நான் பட்ட பாட்டை ஊரில் இருக்கும் உங்களிடம்தான் சொல்ல முடியும். இங்கே யாரிடமாவது சொன்னால் தாய்மாமன் என்றால் யார், அவரிடம் ஏன் ரசீது கேட்கக் கூடாது என்று விளக்குவதிலேயே மதிய உணவு நேரம் முடிந்துவிடுகிறது.

2

முதலில் என் வேலை. சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க அரைமணி நேரம் ஆகும். திருப்பூர்க்காரர்களுக்கு ஒரே சொல் போதும்: கம்ப்ளையன்ஸ். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆட்கள் நம் பனியன் கம்பெனிக்கு வந்து, தீயணைக்கும் சிலிண்டரில் தேதி பார்த்து, முதலுதவிப் பெட்டியைத் திறந்து, கழிப்பறையை எண்ணி, ஒரு தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் அல்லவா, அதேதான். நான் செய்வது துணிக்கு இல்லை, பணத்துக்கு.

சேமிப்பை எங்கே போடலாம் என்று ஜனங்களுக்கு ஆலோசனை சொல்லும் சின்னச் சின்ன நிறுவனங்கள் இங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அவர்களுக்கு அரசாங்கம் சட்டம் போட்டிருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பொருந்துவதை மட்டும் விற்க வேண்டும். கட்டணத்தை ஒளிக்கக் கூடாது. மனம் மாறினால் திருப்பிக் கொடுக்க அவகாசம் தர வேண்டும். இதையெல்லாம் அவர்கள் ஒழுங்காகச் செய்ய உதவுவது எங்கள் அலுவலகம். அவர்களின் கோப்புகளை நாங்கள் படிப்போம். பிறகு பாலிசி எடுத்தவர்களுக்குப் போன் போட்டுப் பத்துக் கேள்வி கேட்போம். அந்தப் போன்காரி நான்.

அலுவலகம் லெஸ்டரில் ஒரு பழைய கட்டடம். அது என்ன கட்டடம் என்று நினைக்கிறீர்கள்? பனியன் கம்பெனி! ஒரு காலத்தில் இந்த ஊர் முழுக்க நிட்டிங்தான். முதல் நாள் என் முதலாளி பிரையன் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். "இங்கேதான் காலுறை பின்னும் இயந்திரங்கள் நின்றன." நான் தரையைப் பார்த்தேன். எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. பதினோரு மணி நேரம் விமானத்தில் வந்து, மறுபடியும் பனியன் கம்பெனிக்கே வேலைக்குப் போன பெண் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆரம்பத்தில் போனை எடுத்ததும் பழக்க தோஷத்தில் "சொல்லுங்க" என்றுவிடுவேன். ஹாரிஸ் என்ற ஒரு பெரியவர் அதை என் பெயர் என்று நினைத்துக்கொண்டார். இன்றைக்கும் அலுவலகத்துக்குப் போன் செய்தால் "மிஸ் சொல்லுங்க இருக்கிறாரா?" என்றுதான் கேட்பார். பிரையன் என் மேசைப் பலகையில் சாந்தாமணி என்பதற்குக் கீழே அதையும் எழுதி வைத்துவிட்டார்.

பிரீத்தி வேறு தினுசு. அவளுக்குத் தமிழ் கழன்றுகொண்டே வருகிறது, 'ங்க' மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மாயியிடம் போனில் பேசச் சொன்னால் "ஹவ் ஆர் யூங்க?" என்கிறாள். அந்தப் பக்கம் அம்மா "ஃபைனுங்க" என்கிறாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதற்கு மேல் பேச்சு ஓடாது. போன் என் கைக்கு வந்துவிடும்.

இந்த ஊர் ஆலோசகர்களின் கோப்புகள் அழகாக இருக்கும். ஒரு விதவைப் பாட்டியின் கோப்பில் நாற்பது பக்கம், ஒவ்வொன்றிலும் கையெழுத்து, ஒன்று கூடக் குறையவில்லை. நான் போன் செய்தபோது அவர் சொன்னார், பூதக்கண்ணாடி இல்லாமல் எதையும் படிக்க முடியாதாம். நாற்பது பக்கத்தில் அது எங்கேயும் இல்லை. பிரையனிடம் சொன்னேன். அவர் அந்த நிறுவனத்தைக் கூப்பிட்டு, பாட்டிக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து வாயால் விளக்க வைத்தார். அன்று வீட்டுக்குப் பேருந்தில் போகாமல் நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

3

அம்மா காலேஜ் ரோடு பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் செக்கிங் பகுதிக்குச் சூப்பர்வைசராக இருந்தாள். பெயர் வேண்டாம், கம்பெனி இன்னும் ஓடுகிறது. கல்லூரி விடுமுறையில் நானும் அங்கே பீஸ் எண்ணப் போவேன்.

பையரின் ஆடிட் வருகிறது என்றால் முந்தின நாள் அம்மாதான் அங்கே மகாராணி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓர் அட்டைப் பெட்டி மேல் ஏறி நின்று எல்லோருக்கும் பதில் சொல்லித் தருவாள். "ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம்?" என்று கேட்டால் நூறு குரல் "எட்டுங்க" என்னும். பீகாரிலிருந்து வந்த பையன்கள் மட்டும் அரை நொடி கழித்து "எட்டுங்கா" என்பார்கள். ஒரு முறை திருநெல்வேலிப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள். "அக்கா, நெசமாவே எட்டு மணி நேரந்தான்னா நான் எதுக்கு இப்பிடி எளைச்சுப் போயிருக்கேன்?" கூட்டமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "அது உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும் அம்மிணி. அவிய கேட்டா எட்டு," என்றாள்.

பதில் சொல்வதற்கு அம்மா மூன்று விதி வைத்திருந்தாள். கேள்வி முடிவதற்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது. சூப்பர்வைசர் முகத்தைப் பார்க்கக் கூடாது. மூன்றாவதுதான் அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு: எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், அதனால் கடைசியில் ஒரு சின்னக் குறை சொல்ல வேண்டும். "டீ மட்டும் கொஞ்சம் தண்ணியா இருக்குதுங்க." அதைக் கேட்டதும் ஆடிட்டர் முகம் மலர்ந்துவிடும். மும்முரமாக எழுதிக்கொள்வார். கம்பெனி பாஸ்.

அப்போது எனக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. இப்போது போனின் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்பவளாக நினைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அம்மாவிடம் சொன்னால், "ஆர்டர் போயிருந்தா அந்த நூறு பேரும் அடுத்த வாரம் எங்க போயிருப்பாங்க?" என்பாள்.

4

சனிக்கிழமை காலையில் ஊருக்குப் பேசுவது எங்கள் வழக்கம். குஜராத்திக் கடையில் காலிங் கார்டு வாங்கி, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, நீள நீளமான எண்களைத் தட்டினால் அம்மா கிடைப்பாள். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பேன். "கெடக்குது" என்பாள். மாடிப்படி ஏற முடியாமல் துணி காயப்போட ஆள் வைத்திருக்கிறாள். டாக்டர் இரண்டு முட்டியையும் மாற்றச் சொல்லியிருந்தார். ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தை அதற்கென்றே பேங்கில் போட்டு வைத்திருந்தாள். நான் தருகிறேன் என்றால் கேட்க மாட்டாள். மகள் காசில் கால் மாற்றினால் அந்தக் கால் தரையில் பாவாதாம்.

அந்தச் சனிக்கிழமை போகிற போக்கில் சொன்னாள். "தொரைசாமி மாமன்கிட்ட ஒரு பாலிசி போட்டேன் கண்ணு. பேங்குல சும்மாதான கெடந்துச்சு."

துரைசாமி மாமா அம்மாவின் தம்பி. சாமளாபுரத்தில் எட்டுத் தறி ஓட்டுகிறார், கூடவே இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் பாலிசிப் பத்திரமும் அவர் வீட்டு இரும்பு பீரோவில்தான் இருக்கும். நம் பக்கத்தில் அதுதானே வழக்கம். ஏஜெண்ட் வேறு ஆளாக இருந்தால் நாலு கேள்வி கேட்கலாம். சீர் சுமந்து வந்த தாய்மாமன் பேனாவை நீட்டும்போது கட்டணமாக எவ்வளவு பிடிப்பீர்கள் என்று யார் கேட்பது?

மோகன் பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அலுவலகப் பையிலிருந்து பத்துக் கேள்வித் தாளை எடுத்து மேசை மேல் விரித்தேன்.

"ஏனுங்கம்மா, அது என்ன திட்டம்னு மாமா சொன்னாருங்களா?"

"சொன்னான். பாதி இன்சூரன்சு, பாதி ஷேர் மார்க்கெட்டு. ஏறவும் ஏறும், எறங்கவும் எறங்கும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லெஸ்டரில் பட்டம் வாங்கியவர்கள் கூட இப்படித் தெளிவாகச் சொன்னதில்லை.

"எத்தன வருசம் எடுக்க முடியாதுங்கம்மா?"

"மூணு."

"மொத வருசம் எவ்வளவு புடிப்பாங்கன்னு?"

"சொன்னான். பதினேழாம் பக்கத்துலயும் போட்டிருக்குது."

"யாராச்சும் வற்புறுத்துனாங்களா?"

"என்ற சொந்த விருப்பத்துல போட்டேன்."

ஒன்பது கேள்வியும் பாஸ். மோகன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்கும் பெருமையாக இருந்தது. பத்தாவதைக் கேட்பதற்குள் அம்மாவே சொன்னாள்: "ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. அந்தப் பேப்பர்ல எழுத்து மட்டும் நெம்பப் பொடுசா இருக்குது."

என் கையிலிருந்த பேனா நின்றது. சின்னக் குறை! தண்ணி டீ! என்னைப் பெற்ற அம்மா எனக்கு ஆடிட் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இருபத்திரண்டு வருட அனுபவத்தை மொத்தமாக என் மேல் இறக்கிவிட்டாள்.

"அது முட்டி ஆபரேஷன் காசுங்களேம்மா!" என்று கத்தினேன்.

"அதுக்கு வேற ஏற்பாடு இருக்குது."

"என்ன ஏற்பாடுங்க?"

அம்மா பதில் சொல்வதற்குள் காலிங் கார்டுக்காரி குறுக்கே வந்து, இன்னும் ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "பாரு, அந்தம்மா வெய்யின்னு சொல்லுது," என்று அம்மா சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டாள்.

5

குஜராத்திக் கடைக்கு ஓடிப்போய் மூன்று கார்டு வாங்கிவந்து மாமாவைப் பிடித்தேன். நல்ல மனுஷர், போனில் கூட உரக்கச் சிரிப்பார். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது.

"அம்மிணி! உனக்கே போன் பண்ணோணும்னு இருந்தேன். பத்திரம் திங்கக்கெழம கூரியர்ல வந்துருச்சு. பத்திரமா பீரோவுல வெச்சுட்டேன்."

திங்கட்கிழமை. விரல் விட்டு எண்ணினேன். பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து பதினைந்து நாள். ஐந்து போய்விட்டது. பத்துதான் மிச்சம்.

"மாமா, அம்மாகிட்ட எல்லாம் கேட்டுத்தான் போட்டீங்களா?" என்றேன். குரலில் என் அலுவலகம் ஏறிவிட்டது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கேக்காம? என்ற அக்கா வயசு எனக்குத் தெரியாதா? சர்க்கரை எத்தனன்னு தெரியும், எந்தப் பல்லு ஆடுதுன்னு தெரியும். பேங்குல எவ்வளவு கெடக்குதுன்னு அவ சொல்லாமயே தெரியும். உங்கூர்ல எந்த ஏஜெண்டுக்குத் தெரியும் இதெல்லாம்?"

நூற்றுக்கு நூறு உண்மை. ஆனாலும் மெதுவாகக் கேட்டேன். "அப்ப அது முட்டி ஆபரேஷனுக்கு வெச்ச காசுன்னு தெரியாதுங்களா மாமா?"

"அதையும் கேட்டேனே! ஆபரேஷனுக்கு நீதான் அனுப்பறயாமா? லண்டன்ல இருந்து என்ற மக அனுப்பறா, இது சும்மா கெடக்கற காசுன்னு சொன்னா. நல்ல காரியம் பண்ற அம்மிணி. கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு."

அவர் கண் கலங்கியது எனக்குக் கேட்டது. என் கண் இருண்டது. நான் ஒரு பைசா அனுப்பவில்லை, அனுப்பவும் அம்மா விட்டதில்லை. ஆக ஏமாந்தது அம்மா இல்லை. தம்பியையும் மகளையும் ஒரே மாதத்தில் ஏமாற்றியிருக்கிறாள். விற்றவர் நல்லவர், விதிப்படி கேட்டிருக்கிறார், வாங்கியவள் பொய் சொல்லியிருக்கிறாள். இதற்கு எங்கள் அலுவலகத்தில் தாளே கிடையாது.

6

மறுநாள் ஞாயிறு. வழக்கமில்லாத நாளில் போன் வந்ததும் அம்மா உஷாராகிவிட்டாள். நான் தாளை எடுக்கவில்லை. மாமா சொன்னதை அப்படியே சொன்னேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

மூன்றாவது விசிலுக்குப் பிறகு, "ஏங்கண்ணு, மே மாசம் அங்க குளிருமா?" என்றாள்.

"எதுக்குங்க?"

"சும்மாதான் கேட்டேன். குளிருமுன்னா கம்பெனியிலயே ஸ்வெட்டர் ஒண்ணு எடுத்துக்கலாம். எக்ஸ்போர்ட் மிச்சத்துல கெடக்குது."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாமாவின் இன்சூரன்ஸ் கம்பெனி ஏஜெண்டுகளுக்குப் போட்டி வைத்திருக்கிறது. மார்ச் முடிவதற்குள் இலக்கை எட்டினால் மே மாதம் லண்டன் பயணம், இரண்டு பேருக்கு. மாமாவுக்கு ஒரே ஒரு பெரிய பாலிசி குறைந்தது. அத்தை லிஃப்டில் ஏறவே கண்ணை மூடிக்கொள்பவர், விமானமா என்று கும்பிட்டுவிட்டார். அந்த இரண்டாவது சீட்டுக்கு மாமா அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். அவருக்குச் சந்தோஷம், அம்மாவுக்குச் சந்தோஷம். முட்டி ஒன்றுதான் குறுக்கே நின்றது. அதற்கு அம்மா ஒரு பொய் சொன்னாள். தீர்ந்தது.

"லண்டன்ல எறங்கி, உங்கூருக்கு ரயில் இருக்குதாமா? ரெண்டு நாள் புள்ளயப் பாத்துட்டு வந்தர்லாம்னுதான்."

"முட்டி வலியோட எப்படிங்கம்மா? ஆபரேஷன் பண்ணிட்டு வரலாம்ல?"

"முட்டி எங்கயும் போகாது கண்ணு. புள்ள வளந்துட்டே போகுது. ஹவ் ஆர் யூங்கங்கறதையும் மறந்துட்டான்னா நான் என்ன பேசறது?"

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் டிக்கெட் எடுத்திருக்க மாட்டேனா?"

அம்மா கோபப்படவில்லை. மணி என்ன என்று சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னாள். "நீ கூப்படலயே கண்ணு."

உண்மைதான். முதல் வருடம் வேலை நிலைக்கட்டும் என்றேன். அடுத்த வருடம் பெரிய வீடு பார்க்கலாம் என்றேன். அப்புறம் குளிர். அப்புறம் முட்டி. ஒவ்வொரு சனிக்கிழமையும் முட்டியை விசாரித்தேன், ஐந்து வருடத்தில் ஒரு முறை கூட வாங்க என்று சொல்லவில்லை. ஊர் பேர் தெரியாத கிழவர்களிடம், உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்று வாரம் முப்பது பேரைக் கேட்கிறேன். எனக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

"வாங்கம்மா," என்றேன். "இந்த மே மாசமே வாங்க. ரெண்டு நாளெல்லாம் இல்ல, ரெண்டு மாசம் இருங்க. ஏர்போர்ட்டுல வீல் சேர் தருவாங்க. காசத் திருப்பி வாங்குங்க, போயிட்டு வந்து ஆபரேஷன் பண்ணிக்கலாம்."

"வீல் சேரா? சீக்காளின்னு நெனைக்க மாட்டாங்களா?" என்றாள். குரல் துள்ளியது. உடனே தணிந்தது. "தம்பி மொகத்துல நான் எப்படி முழிக்கறது? நீயே சொல்லீரு."

7

திங்கட்கிழமை மாமாவிடம் சொன்னேன். நீளமான உரையெல்லாம் தயாரித்து வைத்திருந்தேன். பாதியிலேயே அவர், "அப்ப முட்டிக் காசா அது?" என்றார். பிறகு "சரி அம்மிணி" என்று வைத்துவிட்டார். சிரிக்கவில்லை.

அதோடு அவர் போன் அணைந்துவிட்டது. செவ்வாய், புதன், வியாழன். அத்தையிடம் கேட்டால், "வண்டிய எடுத்துட்டுக் கெழக்கயோ தெக்கயோ போயிருக்காருங்க, சொல்லிட்டுப் போகல," என்கிறார். பீரோ சாவி அவர் இடுப்பில். பத்திரம் பீரோவில். கிளை அலுவலகத்துக்கு நானே போன் செய்தேன். அசல் பத்திரம் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்றார்கள். நகல்? ஆகாது. மின்னஞ்சல்? சிரித்தார்கள். பாலிசிதாரர் நேரில் வர வேண்டும், கையெழுத்து ஒத்துப்போக வேண்டும், காரணம் எழுதித் தர வேண்டும். எங்கள் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா என்று நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். "மேடம், உங்க சட்டம் அங்கேதாங்க," என்றார் அந்தப் பக்கத்துத் தம்பி, நெம்ப மரியாதையாக.

சனிக்கிழமை அம்மா என்னைத் தேற்றினாள். "போனாப் போகுது. மூணு வருசம் நொண்டிட்டா என்ன?" அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. ஞாயிறும் போயிற்று. அலுவலகத்தில் என் மேசை நாட்காட்டியில் நான் பதினான்கு என்று எழுதியிருந்த திங்கட்கிழமையும் வந்தது. இங்கே காலை பத்து, அங்கே மதியம் மூன்றரை. என் கைப்பேசி அடித்தது. பிரையனுடன் கூட்டத்தில் இருந்தேன். எண்ணைப் பார்த்ததும் எழுந்து ஓடினேன்.

"அம்மிணி, பிராஞ்சுல இருக்கறோம். அக்காவ ஆட்டோவுல கூட்டியாந்துட்டேன்."

"மாமா! ஒரு வாரமா எங்க போனீங்க?"

"கணியூர் வரைக்கும் போனேன். அக்கா பாலிசி போனா இன்னொண்ணு புடிச்சு அந்தக் குறையச் சரிக்கட்டலாம், எப்படியும் அவளக் கூட்டிப் போயரலாம்னு பாத்தேன். நாலு ஊடு ஏறுனேன். நாலு பேரும் போடறேன்னுதான் சொன்னாங்க. நீ ஒரு கேள்வி கேட்டயே, அது நாக்குல வந்து உக்காந்துட்டுது. இந்தக் காசு வேற எதுக்காச்சும் வெச்சதுங்களான்னு கேட்டுப்போட்டேன். ஒருத்தனுக்குப் போர்வெல்லு. ஒருத்தனுக்கு மக கல்யாணம். கேட்டதுக்கப்பறம் எப்படிக் கையெழுத்து வாங்கறது? எல்லாத்தையும் பேங்குல போடச் சொல்லிட்டு வந்துட்டேன். உன்னால என்ற தொழிலே போச்சு!" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும் அந்தச் சிரிப்பு ஒரு வாரம் கழித்து வந்தது.

"மாமா, நீங்களும் வாங்க. டிக்கெட் நான் எடுக்கறேன்."

"கம்பெனிக் காசுல வந்தா கௌரவம். மருமவ காசுல தாய்மாமன் வர்றதா? அடுத்த வருசம் ஜெயிச்சு வர்றேன் பாரு."

அவருக்குப் பின்னால் ஏதோ வாக்குவாதம் நடந்தது. கிளையில் இருந்த தம்பியின் குரல் கேட்டது. "அம்மா, காரணம்ங்கற எடத்துல, விதிமுறைகள் பிடிக்கவில்லைன்னு போடுங்க. எல்லாரும் அப்படித்தாங்க போடுவாங்க."

அம்மாவின் குரல்: "விதிமுறை நல்லாத்தான தம்பி இருக்குது. எதுக்குப் பொய் எழுதோணும்?"

யார் பேசுவது பாருங்கள்! நூறு பேருக்கு எட்டு மணி நேரம் சொல்லித் தந்த வாய் அது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். வரவேற்பு மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"எழுதீட்டா," என்றார் மாமா. "இந்தத் தம்பி வாங்க மாட்டேங்கறாரு. இப்படியொரு காரணம் ஆரும் எழுதுனதில்லையாமா. மேனேஜரக் கேக்கோணுமாமா. இரு, படிக்கறேன்."

தாள் சரசரத்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"'என் மகள் என்னை ஊருக்குக் கூப்பிட்டுவிட்டாள். அதனால் இனி இந்தப் பாலிசி தேவையில்லைங்க.'"

நான் கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகரும் சத்தம், பிறகு மேசை மேல் டப்பென்று ஒரு சத்தம்.

"மேனேஜர் சீல் போட்டுட்டாரு அம்மிணி," என்றார் மாமா. "இனி நீ மாத்த முடியாது."